கடைப்பந்தியில் உட்கார்ந்த கொடையாளி

மெல்போர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் வளாகத்தில் வூட்சைட் பெயரைத் தாங்கிய கட்டடம் திறக்கப்பட்டபோது என் மகள் அங்கே பொறியியல் மாணவி. வூட்சைட் பெர்த் நகரிலிருந்து இயங்கும் எண்ணெய், எரிவாயு நிறுவனம். 2019-இல் அது மொனாஷோடு ஓர் எரிசக்தி ஆராய்ச்சிக் கூட்டுறவைத் தொடங்கியது. ஏழு ஆண்டுகள், 4 கோடி ஆஸ்திரேலிய டாலர். தொழில்நுட்பமும் வடிவமைப்பும் கற்பிக்க எழுந்த புதுக் கட்டடத்துக்கு அந்த உறவை ஒட்டி நிறுவனத்தின் பெயர் வந்தது.

கட்டடத்தைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கிரிம்ஷா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. ‘பாசிவ் ஹவுஸ்’ என்னும் ஜெர்மன் தரநிலைப்படி கட்டியிருக்கிறார்கள். காற்று கசியாத சுவர், கனத்த வெப்பக்காப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி என்று எல்லாம் சேர்ந்து, மெல்போர்னின் குளிரையும் வெயிலையும் மிகக் குறைந்த மின்சாரத்தில் சமாளிக்கிறது. அந்தத் தரத்தில் எழுந்த பெரிய கல்விக் கட்டடங்களில் உலக அளவில் பேசப்படுவது. மகள் அங்கே நல்ல ஆசிரியர்களிடம் படித்தாள். அதே வளாகத்தில் வேறு மாணவர்கள் இந்த உறவை முறிக்கச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். பூமியைச் சூடாக்குகிற தொழிலில் வந்த காசில் பூமியைக் காப்பாற்றும் படிப்பு படிப்பதா என்பது அவர்கள் கேள்வி. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள் அதை என் பக்கம் திருப்பினாள். “அம்மா, நீங்க தூத்துக்குடிக்காரங்க. நீங்களே சொல்லுங்க, இந்தக் காசை வாங்கலாமா?”

தூத்துக்குடியை அவள் இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன், இந்த விஷயத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பும் குளிர்கால ஹீட்டரும் கேஸில்தான் ஓடுகின்றன. விக்டோரியாவில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். அந்தக் கேஸ் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாஸ் நீரிணையின் கடலடியிலிருந்து வருகிறது. 2022-இல் பிஹெச்பி என்ற சுரங்க நிறுவனத்தின் எண்ணெய்த் தொழில் வூட்சைட்டோடு இணைந்தபின், அங்கே எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் கூட்டுத்தொழிலில் பாதிப் பங்கு வூட்சைட்டுடையது. நான் சோறு வடிக்கிற நெருப்பிலும் அந்த நிறுவனம் இருக்கிறது. ஆகவே தூய்மையான கையோடு நின்று இன்னொருவரைக் கண்டிப்பது என் நோக்கமாக இருக்க முடியாது.

பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. சர் ஜான் மொனாஷ் முதல் உலகப்போரின் தளபதி. போருக்குப்பின் விக்டோரியா மாநில மின்சார ஆணையத்தின் தலைவராக இருந்து, லட்ரோப் பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரியிலிருந்து மாநிலம் முழுவதற்கும் மின்சாரம் கொண்டுவந்தவர். 1931-இல் இறந்தார். அந்தக் கரிப்புகை வானத்தில் என்ன செய்யும் என்று அவர் காலத்து ஊர் அறியாது. வீடுகளில் விளக்கு எரிந்தது, ஆலைகள் ஓடின, ஊர் அவரைக் கொண்டாடியது. 1958-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். எனக்கு அதில் மனக்குறை இல்லை. தெரியாமல் செய்ததற்கும் தெரிந்து செய்வதற்கும் நடுவில் எல்லா மதங்களும் ஒரு கோடு போட்டிருக்கின்றன. இன்று நிலத்தடியிலிருந்து எரிவாயுவை எடுக்கிற எவரும் அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வூட்சைட்டின் ‘நார்த் வெஸ்ட் ஷெல்ஃப்’ எரிவாயுத் திட்டம் 2070 வரை ஓடலாம் என்று மத்திய அரசு 2025-இல் அனுமதி கொடுத்தபோது, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் எல்லாம் தெரியும்.

இனி தூத்துக்குடி. பனிமய மாதா கோயில் மணி கேட்கிற தெருவில் பிறந்தவள் நான். தாத்தா காலம்வரை எங்களுக்குக் கடல்தொழில். 1990-களின் நடுவில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை எங்கள் ஊருக்கு வந்தது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் மக்கள் எதிர்த்ததால் இடம்மாறி வந்த ஆலை. எங்கள் மீனவர்கள் அப்போதே படகோடு கடலில் இறங்கி எதிர்த்தார்கள். ஆலை வந்தது, ஓடியது. தன்மேல் சொல்லப்பட்ட மாசுக் குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தே வந்தது. வழக்கு நீண்டு 2013 ஏப்ரல் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. ஆலையை மூட நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்கும், உரிய அனுமதி இல்லாமல் ஓடிய காலத்துக்குமாக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்தப் பணத்தை மாவட்ட ஆட்சியரிடம் வைப்புத்தொகையாக வைத்து, வட்டியைக்கொண்டு ஆலையைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் சீராக்க வேண்டும் என்றது.

அதே ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் பெயரால் ஊரில் வேறொரு பணமும் புழங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவி, மரக்கன்று நடுதல், குடிநீர், பெண்களுக்குத் தொழிற்பயிற்சி. வாங்கியவர்களை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். கழிப்பறை இல்லாத பள்ளியில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற தலைமையாசிரியை, கட்டித்தருகிறேன் என்று வருகிறவரிடம் உன் லாபக்கணக்கைக் காட்டு என்று கேட்க முடியுமா? ஆனால் இந்த இரண்டு பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீதிமன்றம் கட்டச்சொன்ன 100 கோடிக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை, யார் பெயரும் கல்லில் ஏறவில்லை. ஊருக்குச் சேர வேண்டியது அதுதான். படத்தோடும் பெயரோடும் வந்ததோ மற்றது.

2018 மே 22, ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். கிளேட்டனில் நள்ளிரவுக்கு மேலும் நான் கைபேசியை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மே 28-ஆம் தேதி தமிழக அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இடையில் நடந்த ஒன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல், கொரோனா இரண்டாம் அலை. ஆஸ்பத்திரி வாசல்களில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார்கள். மூடிக்கிடந்த ஆலைக்குள் ஆக்சிஜன் தயாரிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அதை ஓட்டித் தருகிறோம் என்றது நிறுவனம். ஊர் இரண்டாகப் பிரிந்தது, எங்கள் குடும்பமும்தான். “உயிர் போயிக்கிட்டு இருக்கவங்ககிட்ட யார் குடுத்த காத்துன்னா கேக்க முடியும்?” என்றாள் சித்தி. “இதைச் சாக்கா வச்சு உள்ள வந்துருவாங்க, புள்ளைங்கள இழந்தவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றார் மாமா. இருவர் சொன்னதிலும் நான் பிழை காணவில்லை. ஏப்ரல் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இருவருக்கும் இடம் தந்தது. ஆக்சிஜன் பிரிவை மட்டும் ஓட்டலாம், தாமிரப் பிரிவுக்குள் நுழையக் கூடாது, இந்த அனுமதியைக் காட்டி நிறுவனம் பின்னால் எந்த உரிமையும் கோர முடியாது என்றது. ஜூலை முடிவோடு அதுவும் நின்றது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதாலேயே பழைய கணக்கு தீர்ந்துவிடாது என்பதை ஒரு நீதிமன்ற உத்தரவு இத்தனை தெளிவாகச் சொல்லி நான் வேறெங்கும் படித்ததில்லை. நன்கொடை வாங்குகிற எந்தப் பல்கலைக்கழகமும் தன் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ச் சமயமரபு இந்தக் கேள்வியில் ஒரே குரலில் பேசுவதில்லை. வள்ளுவர் கறாரானவர். வினைத்தூய்மைக்கு ஓர் அதிகாரமே வைத்தார், பெற்ற தாயின் பசியைக்கூடப் பழிவழியில் தீர்க்க இடம் தரவில்லை. ஆழ்வார் கதையோ எதிர்த்திசையில் போகிறது. திருமங்கையாழ்வார் அடியார்களுக்கு அன்னமிட வழிப்பறி செய்தார் என்றும், நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியின் பொற்சிலையைக் கவர்ந்துவந்து திருவரங்கத்தில் திருப்பணி செய்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. பள்ளியில் எங்கள் தமிழாசிரியை இதைப் பக்தியின் உச்சமாகச் சொல்லித்தந்தார். ஆண்டவனுக்கே போய்ச் சேர்ந்ததால் அந்தப் பொன் தூய்மையாகிவிட்டது என்பது கதையின் நியாயம். எனக்கு அந்தச் சிலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நினைவே வரும். கதையில் அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் பேச இடமில்லை. கொள்ளை எந்தக் காரியத்துக்குப் பயன்பட்டது என்று மட்டும் பார்த்தால், பறிகொடுத்தவர் கதையிலிருந்தே காணாமல் போகிறார்.

பெரியபுராணத்தில் வருகிற மூர்க்க நாயனார் என்னை இன்னும் ஆழமாக யோசிக்க வைத்தவர். திருவேற்காட்டுக்காரர். அடியார்க்கு அன்னமிட்டே சொத்தைக் கரைத்தவர், பிறகு சூதாடி வென்ற பொருளால் அன்னமிட்டார். தோற்றுவிட்டு மறுத்துப் பேசியவர்களைச் சுரிகையால் குத்தினார் என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. அப்படிப்பட்டவரைத் தொண்டர் வரிசையில் வைத்துப் பாடும்போது, சேக்கிழார் இரண்டு செய்திகளை மறக்காமல் சேர்க்கிறார். சூதில் வந்த பொருளை அவர் தம் கையால் தொடமாட்டார், சமைப்பவர்களே எடுத்துக்கொள்வார்கள். அடியார்கள் எல்லாரும் உண்டபிறகு கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார். புராணம் அவரைக் கொண்டாடுகிறது, ஆனாலும் பொருளின் வரலாற்றை அழிக்கவில்லை. கொடுத்தவருக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை. கிளேட்டன் வளாகத்தில் கொடுத்தவரின் பெயர் வாசலிலேயே நிற்கிறது.

எங்கள் வேதத்தில் சக்கேயு இருக்கிறார். எரிகோ ஊரில் வரி தண்டிய பணக்காரர், குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவர். கோயிலில் சிறுபிள்ளைகளுக்கு மரத்தில் ஏறிய கதையாகவே இதைச் சொல்வார்கள். வளர்ந்தபிறகு நான் திரும்பத் திரும்ப வாசித்தது அவர் இறங்கியபின் கொடுத்த வாக்கை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அதுவே பெரிய கொடை. அதோடு அவர் நிற்கவில்லை. ஏமாற்றி எடுத்தது எதுவோ அதை உரியவருக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். ஏழைக்குக் கொடுத்ததை ஏமாந்தவருக்குக் கொடுத்ததாக அவர் கணக்கு எழுதவில்லை. இரண்டும் தனித்தனி ஏடு. மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது இந்த இரண்டையும் கேட்டபிறகுதான். பாவசங்கீர்த்தனத்திலும் எங்கள் சபையின் போதனை இதுவே. திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் மனம் இல்லாமல் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும் மன்னிப்பு முழுமையாகாது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யூதப் பெரியவர்கள் அதிகம். அவர்களில் ஒருவர் யோம் கிப்பூர் நோன்பைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார். இறைவனுக்கு எதிராகச் செய்த தவறுக்கு அந்த நோன்பு பரிகாரம் ஆகும். சக மனிதருக்கு எதிராகச் செய்ததற்கு, அந்த மனிதரைப் போய்ப் பார்த்து அவர் மனம் ஆறும்வரை ஆகாது. மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் உள்ள விதி அது. காயல்பட்டினத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய என் தோழி சொன்னது இன்னும் ஒரு படி மேலே போகிறது. தவறான வழியில் வந்த பொருள் ஒருவர் கையில் இருந்தால், அதை முதலில் உரியவரிடம் சேர்க்க வேண்டும். உரியவர் யாரென்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், ஏழைகளுக்கோ பொதுக்காரியத்துக்கோ கொடுத்துவிட வேண்டும், ஆனால் அதற்கு நன்மை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தருமமாக அது எழுதப்படாது, கையை விட்டு அகற்றியதாகவே எழுதப்படும். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் இப்படித்தான் வகுத்திருக்கிறார்கள் என்றாள்.

இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் மகளுக்குப் பதில் சொன்னேன். காசில் கறை இருக்கிறதா என்று தேடப் புகுந்தால் என் சம்பளத்திலும் இருக்கும், அவள் உதவித்தொகையிலும் இருக்கும். அந்தத் தேடலுக்கு முடிவு கிடையாது. கேட்க வேண்டியது வேறு. அந்த லாபம் வந்த வழியில் இழந்தவர் யார், அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா? சேராதிருக்கையில் மூன்றாம் மனிதருக்கு எடுத்துக் கொடுப்பது இன்னொருவருடைய பொருளைக் கொடுப்பது. அதை வாங்குகிறவர் பெயர்ப்பலகை வைத்து நன்றி சொல்லும்போது, இழந்தவருக்குப் பதிலாகத் தான் மன்னித்துவிடுகிறார். அந்த மன்னிப்பு அவர் கையில் இல்லை. ஸ்டெர்லைட் ஆலைக்குப் பக்கத்து ஊர்களான மீளவிட்டானிலும் குமாரரெட்டியாபுரத்திலும் கிணற்று நீரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பவரின் சார்பில், ஊருக்குள் ஒரு பள்ளி மன்னிக்க முடியாது. பசிபிக் தீவில் உப்புநீர் ஏறிய கிழங்குத் தோட்டத்துக்காரியின் சார்பில் மெல்போர்னின் ஒரு பல்கலைக்கழகம் மன்னிக்க முடியாது.

தூத்துக்குடியில் இழந்தவருக்கு முகம் உண்டு, கதவு எண் உண்டு. எரிவாயு விஷயத்தில் அப்படி இல்லை என்பது உண்மை. கடலடியிலிருந்து எடுத்த கேஸ் கப்பலேறி ஆசிய நாடுகளுக்குப் போய் எங்கோ எரிகிறது. எந்தப் புயலில், எந்தக் காட்டுத்தீயில், எந்த ஆண்டில், இன்னும் பிறக்காத யாருக்கு நஷ்டம் என்று கைகாட்ட இயலாது. அதற்காக எல்லாருமே முகமற்றவர்கள் என்றும் ஆகிவிடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எரிவாயு ஆலைக்குப் பக்கத்திலேயே முருஜுகா இருக்கிறது. பத்தாயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆதிக்குடிகள் பாறையில் செதுக்கிய உருவங்கள், 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இடம். ஆலைப்புகை அந்தப் பாறைகளை அரிக்கிறதா என்பது பல ஆண்டு வாதம். அந்த மண்ணின் மக்களுக்குப் பெயரும் குரலும் இருக்கின்றன. அவர்களுக்குப்பின் வருகிற கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்குத்தான் காயல்பட்டினத்துத் தோழி சொன்ன விதி வந்து பொருந்துகிறது. கொடுக்க வேண்டும், ஆனால் தருமக்கணக்கில் எழுதக் கூடாது. எழுதாதிருப்பது என்றால் பெயர் போடாதிருப்பது.

இந்தியாவில் சட்டமே கொடுக்கச் சொல்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. ஓரளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் எத்தனையோ பள்ளிக்கு வகுப்பறை கிடைத்தது, வரவேற்கிறேன். லாபம் வந்த வழியைப் பற்றி அந்தப் பிரிவு பேசுவதில்லை, அது வேறு சட்டங்களின் வேலை. ஆனால் ஊரில் இரண்டும் ஒரே நிறுவனத்தின் முகத்தோடுதான் வருகின்றன. சட்டப்படி செலவிட்ட தொகைக்கு ஊர் ஏன் மாலை போட வேண்டும்?

இங்கே மெல்போர்னில், எங்களுக்குப் பக்கத்தில் ஹெதர்ட்டனில் கார்க்கரூக் பூங்கா இருக்கிறது. மீன்பிடிக்க, நடக்க, பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். நடுவில் பெரிய ஏரி, நாணலுக்குள் தாழைக்கோழியும் வாத்தும். அந்த ஏரி மணல் தோண்டிய பள்ளம். கிளேட்டன் சவுத்திலிருந்து அந்தப் பக்கம் முழுக்கவே மணற்பாங்கு. மெல்போர்னின் வீடுகளும் சாலைகளும் எழ அங்கிருந்து மணல் போனது, பல குழிகளில் பிறகு நகரத்தின் குப்பை விழுந்தது. இங்கே குவாரி தோண்ட அனுமதி வாங்கும்போதே, பின்னால் நிலத்தைச் சீர்செய்வதற்கான பிணைத்தொகையை அரசிடம் கட்ட வேண்டும். 1990-ஆம் ஆண்டின் கனிமவளச் சட்டம் அப்படிக் கேட்கிறது. தோண்டியவர் மண்ணுக்குச் செய்ய வேண்டியது தோண்டும் முன்பே எழுதி வைக்கப்பட்டுவிடுகிறது, யாரும் அதை நன்கொடை என்று சொல்லுவதில்லை. பாலாற்றிலும் தாமிரபரணியிலும் மணல் அள்ளிய இடங்களை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அள்ளியவர் யாராவது அந்தப் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறிப் பரிசு கொடுத்திருக்கவும் கூடும். ஆற்றுக்கு வர வேண்டியது வரவில்லை.

நிறுவனங்களால் வேறுவிதமாக நடக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஓர் உதாரணம். பாட்டகோனியா என்ற அமெரிக்க உடை நிறுவனம் 1985-இலிருந்து சுற்றுச்சூழலுக்கென்று கொடுத்துவருகிறது. தாங்கள் பூமியிலிருந்து எடுப்பதற்காகத் தாங்களே தங்கள்மேல் போட்டுக்கொண்ட வரி என்றே அதைக் குறிப்பிட்டார்கள். 2022-இல் அதன் நிறுவனர் இவோன் ஷுயினார் நிறுவனத்தின் உடைமையையே ஓர் அறக்கட்டளைக்கும், பருவநிலைக்காக உழைக்கும் அமைப்புக்கும் எழுதிவைத்தார். அவர்களிடமும் குறைகள் இருக்கும். ஆனால் கொடுப்பவர் கடன்காரராகத் தன்னை வைத்துப் பேசியது எனக்கு மதிப்பாகப் பட்டது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பொருளாளராக இருக்கிறேன். போன ஆண்டு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித்தர ஒரு நிறுவனம் முன்வந்தது. பிள்ளைகளின் சான்றிதழில் அதன் சின்னம் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். புத்தகத்தை வாங்கிக்கொள்கிறோம், ஆண்டறிக்கையில் வரவாக எழுதுகிறோம், பிள்ளையின் சான்றிதழில் பிள்ளையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் மட்டும் இருக்கட்டும் என்றேன். குழுவில் இரண்டு கூட்டங்களுக்குப் பேச்சு நீண்டது. “சின்னக் காசுக்கு இவ்வளவு யோசனையா அக்கா?” என்று கேட்டவர்களும் உண்டு. சின்னக் காசில் பழகாத யோசனை பெரிய காசு வரும்போது எங்கிருந்து வரும்? கடைசியில் சின்னம் இல்லாமல் புத்தகங்கள் வந்தன.

மகளுக்கு என் பதில் முழுத் திருப்தி தரவில்லை. “பேரு போடலன்னா அவங்க குடுக்கவே மாட்டாங்கம்மா. அந்த லேபே இருந்திருக்காது, நான் இப்ப பார்க்கிற வேலையும் கிடைச்சிருக்காது” என்றாள். காற்றாலை மின்சாரத்தைக் கம்பித் தொகுப்போடு இணைக்கும் வேலை அவளுடையது, நல்ல வேலை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயருக்காகத்தான் கொடுக்கிறார்கள் என்றால், பல்கலைக்கழகம் விளம்பர இடத்தை விற்கிறது. விற்கட்டும், ஆனால் விற்பனை என்றே எழுதட்டும், நன்றியுரை வேண்டாம். எனக்கு மனம் நிறைவது வேறு வழியில். கடலடி எரிவாயு நாட்டு மக்களின் சொத்து. அதன் லாபத்துக்கென்றே இங்கே பெட்ரோலிய வள வாடகை வரி இருக்கிறது. எரிவாயு ஏற்றுமதியின் அளவுக்கு அதில் வரவு இல்லை என்ற நெடுநாள் புகாருக்குப்பின், 2023 ஜூலை முதல், நிறுவனங்கள் வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளும் செலவுக்கு 90 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். இன்னும் கூட்டலாம். அந்தப் பணத்தில் ஆய்வுக்கூடம் கட்டினால் யாருக்கும் யாரும் தலைகுனிய வேண்டாம். “அரசாங்கமும் அதே கேஸ் காசுலதானே ஓடுது” என்றாள். ஆமாம். ஆனால் அரசாங்கத்திடம் இழந்தவருக்கும் பங்கு கேட்கலாம், ஓட்டுப்போட்டு மாற்றலாம். வாசலில் இருக்கும் பெயரிடம் கேட்க முடியாது.

துவாலு என்ற தீவுநாட்டோடு ஆஸ்திரேலியா 2023 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டது. கடல் ஏறிவருகிற அந்தச் சின்ன நாட்டிலிருந்து ஆண்டுக்கு 280 பேர் வரை இங்கே வந்து வாழவும் படிக்கவும் வேலை செய்யவும் வழி செய்கிறது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் குலுக்கலுக்கே அங்குள்ள மக்களில் பெரும்பகுதியினர் பதிந்துவிட்டார்கள். இதில் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பாதுகாப்புக் கணக்கும் இருக்கிறது என்பதை அறிவேன். இருந்தாலும் இழந்தவரைப் பெயர்சொல்லி அழைக்கிற முதல் ஏடு இது. அங்கிருந்து வருகிற பிள்ளைகளில் சிலர் கிளேட்டனுக்கும் படிக்க வரலாம். அவர்களின் விடுதிச் செலவையும் புத்தகச் செலவையும் படிப்பு முடியும்வரை யார் ஏற்பது என்று வூட்சைட்டும் மொனாஷும் இப்போதே உட்கார்ந்து பேசலாம். அந்த உதவித்தொகைக்கு யாருடைய பெயரும் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் பிள்ளையின் பெயர், ஊர், படிப்பு. அதற்குமேல் ஒரு கட்டமும் தேவையில்லை.